பாதி எலும்பில் நிற்கும் பற்கள்

நடுவயதில் முன்பல் விலக ஆரம்பித்தால் அதை யாரும் நோய் என்று சொல்வதில்லை. வயதாகிவிட்டது என்பார்கள்; இடைவெளி விழுந்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். நாற்பதை ஒட்டிய வயதில் என் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் விலகி, இடதுபக்கத்துப் பல் கொஞ்சம் நீண்டு கீழ் உதட்டில் உரசத் தொடங்கியபோது நான் இந்த இரண்டு பதிலையும் கேட்டேன். வலி எதுவும் இல்லை. பல் துலக்கினால் ரத்தம் வரும். அது பல வருடமாக வருவதுதான், நுரை இளஞ்சிவப்பாக இருப்பதே எனக்குப் பழகிப்போயிருந்தது. ஆகவே நான் பல் டாக்டரைத் தேடிப் போனது ரத்தத்துக்காக அல்ல, அழகுக்காக. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நான் பள்ளி ஆசிரியை. நாள் முழுக்க நாற்பது பிள்ளைகள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிரிக்கும்போது புடவைத் தலைப்பு தானாக வாய்க்குப் போகிறது என்பதை ஒருநாள் கவனித்தேன். அன்றிலிருந்து வேறு எதுவும் கவனத்தில் ஏறவில்லை.

அந்த ஆசைக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது. ஐம்பது வயதுக்குள் அம்மாவுக்குப் பல் அத்தனையும் போய்விட்டது. சொத்தைப் பல் ஒன்றுகூடக் கிடையாது. முழுசாக, வெள்ளையாக இருந்த பற்கள் ஆடி ஆடி, சோறு மெல்லும்போது கையோடு வந்தன. அப்பாவும் அம்மாவும் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்து நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். குளிருக்கும் பசிக்கும் வெற்றிலையும் புகையிலையும்தான் துணை. அம்மாவின் அண்ணனுக்கும் பல் இப்படித்தான் போனது. ஆனால் பக்கத்து லயத்தில் இருந்த ஒரு பெரியவர், அதே வெற்றிலை, அதே புகையிலை, பல்லுக்குக் குச்சிகூட வைக்காதவர், எழுபது வயதில் கரும்பு கடித்தார். "நம்ம வம்சத்துப் பல்லு அவ்வளவுதான்" என்பார் அம்மா. அந்த வாக்கியத்தை நான் வீட்டுச் சொத்தைப் போல ஏற்றுக்கொண்டிருந்தேன்.

அம்மா சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். நார்வேயில் பிறந்த ஈறுநோய் ஆய்வாளர் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் 1970-இல் இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். எங்கள் ஜனங்கள்தான். பல் பராமரிப்போ சிகிச்சையோ எதுவுமே எட்டாதவர்கள். கவனிக்காமல் விட்டால் ஈறுநோய் எப்படிப் போகும் என்பதைக் காண 1985 வரை திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். 1986-இல் முடிவு வெளியானது. ஏறக்குறைய எல்லோர் வாயிலும் அழுக்கு, காரை, ஈறு வீக்கம். ஆனால் எல்லோருக்கும் பல் போகவில்லை. சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் மிக வேகமாக ஓடியது. அவர்களுக்கு இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கி, 45 வயதுக்குள் வாய் காலியாகிவிட்டது. 81 சதவீதம் பேருக்கு நிதானமாகப் போனது. மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீங்கியதைத் தாண்டி நோய் நகரவே இல்லை. உலகெங்கும் ஈறுநோய்ப் பாடப்புத்தகங்களில் இருக்கும் ஆய்வு இது. எங்கள் அம்மாவையும் மாமாவையும் கரும்பு கடித்த பெரியவரையும் அந்த மூன்று எண்களுக்குள் வைத்துப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. அந்த மனிதர்களுக்குப் பதினைந்து வருடமும் யாரும் ஒரு பிரஷ் கொடுத்துப் பழக்கவில்லையே என்ற கோபமும் வந்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

பரம்பரை என்பது உடம்பு எவ்வளவு சீக்கிரம் தோற்கும் என்பதைச் சொல்கிறது. தோற்றுத்தான் ஆக வேண்டும் என்று சொல்வதில்லை. இந்த வித்தியாசம் புரிந்திருந்தால் அம்மாவின் வாயில் இன்றும் பாதிப் பல்லாவது இருந்திருக்கும்.

நான் முதலில் போன இடத்தில் வாயைத் திறந்து பார்த்த உடனேயே, "கிளிப் போட்டா ஒரு வருஷத்துல சேர்ந்திடும்" என்றார்கள். அன்றைக்கே அச்செடுக்கத் தயாரானார்கள். இன்னொரு இடத்தில், முன்பல் நாலையும் எடுத்துவிட்டு இம்பிளான்ட் வைத்துவிடலாம், ஆடுகிற பல்லை வைத்துக்கொண்டு மெனக்கெடுவானேன் என்றார்கள். இரண்டு இடத்திலும் ஈறுக்குள் எதையும் விட்டு அளந்து பார்க்கவில்லை. பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டுவது என் நோக்கமல்ல. ஆனால் பெரியவர்களுக்குக் கிளிப் போடும் முன் அளந்து பார்க்காமல் விடுவது சின்ன விஷயமும் அல்ல. என்னோடு வேலை பார்க்கும் ஓர் அக்கா, தன் தங்கை போகும் ஈறு டாக்டரிடம் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

அங்கேதான் அந்தக் கருவியை முதன்முதலில் பார்த்தேன். ஊசி மாதிரி மெல்லிய கம்பி, நுனி மட்டும் மழுங்கல். மில்லிமீட்டர் கணக்கில் கறுப்புக் கோடுகள் போட்டிருக்கும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் அதை மெல்ல இறக்கி, எந்தக் கோடு வரை உள்ளே போகிறது என்று பார்க்கிறார்கள். ஒரு பல்லுக்கு ஆறு இடம். டாக்டர் எண்ணைச் சொல்லச் சொல்ல ஒரு இளம்பெண் தாளில் குறித்துக்கொண்டே வந்தாள். "மூணு, ரெண்டு, மூணு." நல்ல ஈறு என்றால் ஒன்றிலிருந்து மூன்றுக்குள் இருக்கும். கடைவாயிலிருந்து முன்னால் வர வர எண் ஏறியது. "அஞ்சு, ஆறு, அஞ்சு." நீண்டுபோன அந்த முன்பல்லுக்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, மறுபடி இறக்கிப் பார்த்துவிட்டு, "எட்டு" என்றார். எட்டு மில்லிமீட்டர் ஆழம், எனக்கு வலிக்கவே இல்லை. துப்பச் சொன்னபோது தொட்டி முழுக்க ரத்தம். அந்த ரத்தத்தை விட, வலிக்கவில்லை என்பதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. இத்தனை ஆழத்துக்கு ஒரு நோய் வேர் வரை போயிருக்கிறது, உடம்பு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு எக்ஸ்ரே. முன்பல்லின் வேர் சுமார் 13 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். அதில் பாதிக்கு மேல் எலும்பு இல்லாமல் வெறுமையாகத் தெரிந்தது. "டீச்சர், நீங்க மலைக்காரங்கதானே? மழையில மண்ணு அரிச்ச சரிவுல சில்வர் ஓக் மரம் சாய்ஞ்சு நிக்கும் பாத்திருப்பீங்க. மரத்துல தப்பில்ல" என்றார் டாக்டர். எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. நாக்கு உள்ளேயிருந்து தள்ளுகிறது, உதடு வெளியேயிருந்து தடுக்கிறது, கீழ்ப்பல் கடிக்கும்போதெல்லாம் மேல்பல்லை முன்னால் உந்துகிறது. எலும்பு முழுசாக இருக்கும்வரை இந்த விசைகளையெல்லாம் பல் தாங்கிக்கொள்ளும். எலும்பு குறைந்ததும் அன்றாடம் சாப்பிடுவதே பல்லை நகர்த்தப் போதுமானதாகிவிடுகிறது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் ஆழமாகிப்போன பையில் இருக்கும் வீக்கமும் பல்லை ஒரு பக்கமாகத் தள்ளும். இன்றைய வகைப்பாட்டில் இதை நான்காம் நிலை ஈறுநோய் என்கிறார்கள்: தாங்கும் எலும்பு பெருமளவு போய், பற்கள் இடம் மாறி, கடியே குலைந்த நிலை.

"அப்ப கிளிப் போடவே கூடாதா டாக்டர்?" என்றேன். குரல் உடைந்துவிட்டது.

"போடலாம். ஆனா நான் சொல்றப்பதான்."

அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கும் ஆராய்ச்சியைப் பிறகு நானே தேடிப் படித்தேன். 1977-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நாய்களின் பற்களை விசை கொடுத்துச் சாய்த்துப் பார்த்தார்கள். ஒரு பக்கம் சுத்தமாக வைத்த பற்கள், இன்னொரு பக்கம் அழுக்குச் சேரவிட்ட பற்கள். சுத்தமாக இருந்த ஈறு பல் நகர்ந்தும் கெடவில்லை. அழுக்கு இருந்த பக்கத்தில், பல் சாயும்போது ஈறுக்கு மேலே இருந்த கிருமிப்படலம் ஈறுக்குள் இறங்கி எலும்பைக் குடைந்தது. விசை மட்டும் எலும்பைத் தின்பதில்லை. வீக்கமும் விசையும் ஒன்று சேரும்போதுதான் ஆபத்து. முதலில் போன இடத்தில் அன்றைக்கே கிளிப் மாட்டியிருந்தால் என் வாயில் அதுதான் நடந்திருக்கும்.

ஆகவே முதலில் டீப் கிளீனிங். மரத்துப்போக ஊசி போட்டு, வாயை நான்கு பகுதியாகப் பிரித்து, வேரில் ஒட்டியிருந்த காரையைச் சுரண்டி எடுத்தார்கள். சுரண்டும் சத்தம் காதில் கேட்காது, மண்டைக்குள் கேட்கும். வெளியே எடுத்த துணுக்குகளைப் பஞ்சில் வைத்துக் காட்டினார் டாக்டர்: பச்சையும் கறுப்பும் கலந்த மணல். மேலே தெரியும் காரை மஞ்சளாக இருக்கும், ஈறுக்குள் ரத்தம் பட்டு இறுகியது இந்த நிறமாகிவிடுமாம்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பலர் இங்கேதான் சிகிச்சையை விட்டு ஓடுகிறார்கள். கிளீனிங் முடிந்த சில வாரங்களில் வீக்கம் வடிந்து ஈறு மேலே ஏறிக்கொண்டது. பற்கள் இன்னும் நீளமாகத் தெரிந்தன. இடுக்குகள் அகலமாயின. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்றது. "கிளீன் பண்ணினா பல்லு விட்டுப்போகும்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் என் மாமியார். பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். உண்மை என்னவென்றால், பல்லைப் பிடித்திருந்த எலும்பு எப்போதோ போய்விட்டது. வீங்கிய ஈறும் கெட்டியான காரையும் அந்த இழப்பை மூடி மறைத்திருந்தன. மூடி விலகியதும் இருப்பது தெரிகிறது. கண்ணாடியில் அதைப் பார்த்து நான் அழுதேன். ஆனால் துலக்கும்போது நுரை முதல்முறையாக வெள்ளையாக இருந்தது. இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தன. இன்னொரு விசேஷம்: வீக்கம் அடங்கியதுமே முன்பல் இடைவெளி ஒரு மயிரிழை குறைந்தது. நோய் தொடக்கத்தில் இருக்கும்போது சிலருக்கு, சுத்தம் செய்த பிறகு விலகிய பல் தானே திரும்பி வந்துவிடுவதும் உண்டு.

எட்டு மில்லிமீட்டர் காட்டிய இடத்தையும் இன்னும் இரண்டு இடங்களையும் ஈறைத் திறந்து சுத்தம் செய்து, எலும்பு வளர உதவும் பொருளை வைத்துத் தைத்தார்கள். பிறகு காத்திருக்கச் சொன்னார்கள். எனக்கு ஆறு மாதத்துக்கு மேல் காத்திருப்பு. அப்போது அதுதான் வழக்கம். 2021-இல் ஜெர்மனியில் இருந்து வந்த ஓர் ஆய்வில், இப்படி அறுவை செய்த நான்காம் நிலை நோயாளிகளில் ஒரு சாராருக்கு 4 வாரத்திலும் மற்றவர்களுக்கு 6 மாதம் கழித்தும் பல் நகர்த்தத் தொடங்கினார்கள். முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. இன்று இதே நோயோடு வருகிறவர்களுக்கு அவ்வளவு காத்திருப்பு இல்லாமல் போகலாம். எனக்கு அந்த மாதங்கள் வீண் என்று தோன்றவில்லை. பல் இடுக்கில் நுழைக்கும் குட்டி பிரஷ்ஷைப் பிடிக்கக் கை பழகியது அப்போதுதான்.

கிளிப் மாட்டிய அன்று பிள்ளைகள் என்னைவிட அதிகம் மகிழ்ந்தார்கள். எட்டாம் வகுப்பில் இரண்டு பேர் கிளிப் போட்டிருந்தார்கள். நான் அவர்களுடைய கட்சியில் சேர்ந்துவிட்டதாக அறிவிப்பு செய்யப்பட்டது. ஆனால் அவர்கள் வாயில் நடப்பதும் என் வாயில் நடப்பதும் ஒன்றல்ல. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. பல்லைத் தள்ளினால் ஒரு பக்கம் அந்தப் படலம் நசுங்கி, அங்கே எலும்பைக் கரைக்கும் செல்கள் வருகின்றன. எதிர்ப்பக்கம் இழுபட்டு, அங்கே புது எலும்பு படிகிறது. பல் இப்படித்தான் எலும்புக்குள் நடந்துபோகிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வேர் முழுவதும் எலும்பு தாங்குகிறது. எனக்குப் பாதிதான். அதே விசையைக் கொடுத்தால் மிச்சமிருக்கும் சின்னப் பரப்பில் அழுத்தம் கூடிவிடும். பல்லின் தாங்குமையமும் வேரின் நுனிப்பக்கம் இறங்கிவிடுவதால் பல் நேராக நகராமல் சாயும். ஆகவே விசை மிகக் குறைவாக இருக்க வேண்டும். டென்மார்க்கில் பிர்டே மெல்சன் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், எலும்பு குறைந்து முன்பல் நீண்டுபோன 30 பெரியவர்களுக்குப் பல்லை மறுபடி உள்ளே ஏற்றினார். ஒரு பல்லுக்கு 5 முதல் 15 கிராம் விசை, ஈறு ஆரோக்கியமாக இருத்தல்: நல்ல முடிவுக்கு அவர் சொன்ன முக்கியமான நிபந்தனைகள் இவை. வேர் நுனி சற்றே கரைவது உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. எனக்குக் கிளிப் போட்ட ஆர்த்தோ டாக்டர் மாட்டிய கம்பி விரலுக்கு நூல் மாதிரிதான் இருந்தது. வலியே இல்லையே, வேலை நடக்கிறதா என்று கேட்பேன். "வலிச்சாதான் டீச்சர் நான் பயப்படணும்" என்பார்.

ஒவ்வொரு முறை கம்பி மாற்றப் போகும்போதும் ஈறு டாக்டர் அந்தக் கோடு போட்ட கருவியோடு வந்து நின்றார். எங்கேயாவது ரத்தம் வந்தால் அந்த மாதம் கம்பி இறுக்கப்படாது, சுத்தம் மட்டும்தான். ஒரு டாக்டர் பல்லைப் பார்க்க, இன்னொருவர் ஈறைப் பார்க்க, இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வேண்டும். என் சிகிச்சையில் நடந்த மிக நல்ல விஷயம் எது என்று கேட்டால் கம்பியைச் சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

வீட்டில் இரவு வேலை நீண்டது. சாப்பாடு முடிந்ததும் குழல்விளக்கின் கீழ் கண்ணாடி முன் நின்று, முதலில் சாதா பிரஷ், பிறகு கம்பிக்கு அடியில் நுழைக்கும் குட்டி பிரஷ், ஒவ்வொரு இடுக்குக்கும் அளவு வேறு: முன்னால் சிவப்பு, கடைவாயில் மஞ்சள். அந்தச் சின்ன பிரஷ்ஷை இடுக்கில் விட்டு வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பேன். ரோமங்களில் ரத்தம் இருக்கிறதா, வெள்ளைப் பசை இருக்கிறதா, மோந்தால் வாடை வருகிறதா. முதலில் அருவருப்பாக இருந்தது. பிறகு அதுவே என் கையில் இருந்த ஒரே அளவுகோல் ஆகிவிட்டது. எந்த ஆய்வகமும் தேவையில்லை. ரத்தம் வரும் இடுக்கு நாளை எலும்பு போகும் இடுக்காக இருக்கலாம்.

இங்கே ஒன்றை உரக்கச் சொல்லியாக வேண்டும். முன்பல் இடைவெளியை வீட்டிலேயே மூட ரப்பர் வளையம் மாட்டிக்கொள்ளும் வழக்கம் பரவியிருக்கிறது. இரண்டு பல்லையும் சுற்றி ஒரு சின்ன ரப்பர். பல்லின் வேர் கூம்பு வடிவம். ரப்பர் மெல்ல மெல்ல ஈறுக்குள் வழுக்கி, வேரைச் சுற்றி ஏறிக்கொண்டே போய் எலும்பை அறுக்கும். வெளியே ரப்பர் தெரியாது. கழன்று விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். நல்ல பல்லே இப்படிப் போன சம்பவங்கள் பல் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. ஈறுநோய் உள்ள வாயில் இதைச் செய்வது பல்லைக் கயிறு கட்டிப் பிடுங்குவதற்குச் சமம். என் முன்னாள் மாணவி ஒருத்தி கல்லூரிக்குப் போன பிறகு இதைச் செய்யப்போவதாகச் சொன்னாள். அவள் வீட்டுக்கே போய் அம்மாவிடம் பேசிவிட்டு வந்தேன்.

இடைவெளி மூடியது. நீண்ட பல் உள்ளே ஏறி உதட்டில் உரசுவது நின்றது. ஆனால் பற்கள் சேர்ந்த இடத்தில் ஈறு ஓரம் ஒரு கறுப்பு முக்கோணம் தெரிந்தது. எலும்பு போன இடத்தில் ஈறு பழையபடி நிரம்புவதில்லை. பற்களின் பக்கவாட்டை மயிரிழை அளவு தேய்த்து நெருக்கினால் முக்கோணம் சிறியதாகும் என்று அதையும் செய்தார்கள்; முழுதாக மறையவில்லை. நான் ஆசைப்பட்டுப் போன படத்தில் இருந்த சிரிப்பு அல்ல இது. ஆனால் புடவைத் தலைப்பு வாய்க்குப் போவது நின்றுவிட்டது.

கிளிப்பைக் கழற்றிய அன்றுதான், இனி பல்லின் உட்புறம் ஒட்டிய மெல்லிய முறுக்குக் கம்பி ஆயுள் முழுக்க இருக்கும் என்றும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தே ஆக வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். முன்பே சொல்லியிருந்தார்; அன்றுதான் காதில் விழுந்தது. முடிந்தது என்ற சொல்லைக் கேட்க வந்தவளுக்கு அது கிடைக்கவில்லை. வண்டியில் திரும்பும்போது எனக்கு மகிழ்ச்சியை விடச் சோர்வுதான் அதிகம். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் இந்தச் சோர்வை அறிவார்கள். குணமாவதற்கும் கட்டுக்குள் இருப்பதற்கும் இடையில் ஒரு தூரம் இருக்கிறது, மனம் அதைக் கடக்க வருடங்கள் ஆகின்றன.

எனக்குத் தெம்பு கொடுத்தது பிறர் அனுபவம். 2000-இல் இத்தாலிய மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு 12 ஆண்டு அறிக்கையில், கடுமையான ஈறுநோய் இருந்த 267 பேருக்கு ஈறு சிகிச்சையும் பல் நகர்த்தும் சிகிச்சையும் சேர்த்துக் கொடுத்துப் பின்தொடர்ந்தார்கள். ஈறை அடக்கிப் பராமரித்தால், கடுமையான ஈறுநோய் என்பது பல் நகர்த்துவதற்குத் தடை அல்ல என்பது அதன் முடிவு. 2022-இல் ஐரோப்பிய ஈறுநோய் மருத்துவக் கூட்டமைப்பு நான்காம் நிலை நோய்க்கென்றே தனி வழிகாட்டுதல் கொண்டுவந்தபோது, பல் நகர்த்தும் சிகிச்சைக்கும் அதில் இடம் கொடுத்தது. ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் 1970-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த இன்னோர் ஆய்வு எனக்குப் பிரியமானது. அதில் பங்கெடுத்தவர்கள் நான்காம் நிலை நோயாளிகள் அல்ல, சாதாரண ஊர்மக்கள். துலக்கக் கற்றுக்கொடுத்து, குறித்த இடைவெளியில் வரவழைத்து, 30 ஆண்டு சுத்தம் செய்தார்கள். அத்தனை ஆண்டுகளில் ஒருவருக்குச் சராசரியாக இரண்டு பல்கூடப் போகவில்லை. அதே எழுபதுகளில்தான் மலையகத்தில் எங்கள் ஆட்களின் வாயை அளந்து குறித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஆய்வுகளையும் அடுத்தடுத்துப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் வாயில் கிளிப் கழற்றிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. உட்கம்பி ஒருமுறை ஒரு பல்லில் மட்டும் ஒட்டு விட்டுப்போனது. பார்க்க எதுவும் தெரியவில்லை. இரண்டு வாரத்தில் அந்தப் பல் நாக்கில் தட்டுப்பட்டது. எலும்பு குறைந்த பல் காவல் விட்ட மறுநாளே பழைய இடத்துக்குக் கிளம்பிவிடும். ஆகவே இப்போது கம்பி முழுவதையும் தினம் நாக்கால் தடவிப் பார்த்துக்கொள்கிறேன். கொரோனா ஊரடங்கில் பல் ஆஸ்பத்திரிகள் மூடிக்கிடந்தபோது மூன்று மாதப் பரிசோதனை தள்ளிப்போய்த் தள்ளிப்போய், கடைவாய்ப் பல் ஒன்று வேர் பிரியும் இடத்தில் சீழ் பிடித்து, பிறகு எடுக்க வேண்டிவந்தது. கிளிப் அந்தப் பல்லை நகர்த்தக்கூட இல்லை. போனது பராமரிப்பு விட்ட பல். நகர்த்திய முன்பற்கள் நாலும் நிற்கின்றன. எட்டு இருந்த இடத்தில் இப்போது நாலு.

இடையில் எனக்குச் சர்க்கரையும் வந்தது. அதைக் கண்டுபிடித்ததே ஈறு டாக்டர்தான். எல்லாம் ஒழுங்காகச் செய்தும் இரண்டு தவணையாக ரத்தம் வருகிறதே என்று மூன்று மாதச் சராசரி பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு கெடும். ஈறு வீங்கியே இருந்தால் சர்க்கரை கட்டுப்படுவது கடினம். இரண்டு டாக்டர்களிடமும் ஒரே நோட்டைக் காட்டுகிறேன்.

செலவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எனக்கு அரசுச் சம்பளம் இருந்தது, சேமநல நிதியில் கடன் எடுத்தேன். அம்மாவுக்கு அந்த வழி இருந்திருக்காது. ஆனால் இந்தச் சிகிச்சையில் விலை உயர்ந்த பகுதி கிளிப்பும் அறுவையும்தான்; பல்லை உயிரோடு வைத்திருக்கும் பகுதி சுரண்டலும் குட்டி பிரஷ்ஷும். அது அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் மிகக் குறைந்த செலவில் கிடைக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை, கடுமையான ஈறுநோய் உலகில் நூறு கோடிக்கும் அதிகமானவர்களுக்கு இருப்பதாகக் கணக்கிடுகிறது. அதில் பலர் கிளிப் வரை வர வேண்டியதே இல்லை. ரத்தம் வரும் கட்டத்திலேயே யாராவது அந்தக் கோடு போட்ட கம்பியை இறக்கிப் பார்த்தால் போதும் என்று நான் நம்புகிறேன்.

என் தம்பிக்கு நாற்பத்தாறு வயது. கூடலூரில் ஆட்டோ ஓட்டுகிறான். பல வருடமாக அவனை நச்சரித்து வந்தேன். "அக்கா, எனக்கு வலியே இல்ல" என்பான். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். போன பொங்கலுக்கு வந்தவனை விடாமல் அழைத்துப்போய் ஓபிஜி என்ற முழுவாய் எக்ஸ்ரே எடுத்தாயிற்று. கீழ்வரிசை முன்பற்களைச் சுற்றி எலும்பு கால்வாசி குறைந்திருக்கிறது. பற்கள் இன்னும் நகரவில்லை. புகையிலையை விடுவதாக டாக்டரிடம் சொல்லியிருக்கிறான், என்னிடம் சொல்லவில்லை. முதல் பகுதிக் கிளீனிங் முடிந்துவிட்டது. அடுத்தது இந்தச் சனிக்கிழமை. சின்ன பிரஷ் இரண்டு அளவில் வாங்கி அவன் மனைவியிடம் கொடுத்திருக்கிறேன். அவள் ஈறையும் ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.